'அப்பா டூட்டிக்குப் போயிருக்கார்'

கேள்வி: என் மகன் ராணுவத்தில் கார்ப்பரல். 29 வயது. ஏழு மாதத்துக்கு முன் பணியில் இருந்தபோது வண்டி கவிழ்ந்து இறந்துபோனான். பேரனுக்கு நாலு வயது. பேத்தி அப்போது ஒரு மாதக் குழந்தை. பேரன் கேட்கும்போதெல்லாம் 'அப்பா டூட்டிக்குப் போயிருக்கார்' என்று சொல்லிச் சமாளித்தோம். இப்போது கேட்டில் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடுகிறான். யூனிஃபார்மில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினேன். மருமகள் கழற்றி வைத்துவிட்டாள். அவனுடைய ட்ரொம்மலை (இரும்புப் பெட்டியை) பூட்டிச் சாவியையும் அவளே வைத்திருக்கிறாள். ஐந்து மாதத்தில் முதல் வருஷத் திவசம். பிள்ளைகள் வளரும்போது தங்கள் அப்பா யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். எதை எடுத்து வைப்பது, எப்படி வைப்பது, அவனைப் பற்றி என்ன எழுதுவது?
- ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்:

அம்மா, பேரனிடம் சொன்ன அந்த வார்த்தையை முதலில் சரிசெய்வோம். பெட்டியும் படமும் அதற்குப் பிறகு.

ராணுவத்தில் இருப்பவரின் பிள்ளைக்கு ஒரு விஷயம் மற்றப் பிள்ளைகளைவிட நன்றாகத் தெரியும். அப்பா பையை எடுத்துக்கொண்டு போவார், பல வாரம் கண்ணில் படமாட்டார், ஒரு நாள் கேட்டைத் திறந்துகொண்டு வந்து நிற்பார். பிறந்ததிலிருந்து அவன் பார்த்தது இதைத்தான். அதனால் 'டூட்டிக்குப் போயிருக்கார்' என்பதை அப்படியே நம்புகிறான், நம்பித்தான் வண்டிச் சத்தத்துக்கு ஓடுகிறான். சாவை மூடிச் சொல்ல நம் மொழியில் வழி ஏராளம்: தவறிவிட்டார், காலமானார், சாமிகிட்டப் போய்ட்டார். பெரியவர்களுக்குள் அது மரியாதை. நாலு வயதுக் காதில் 'போய்ட்டார்' மட்டும்தான் விழும். போனவர் திரும்பி வரத்தானே வேண்டும்? 'அப்பா தூங்குறார்' என்பது இன்னும் கெடுதல். அதைக் கேட்டபின் இரவில் படுக்கவே பயப்படும் பிள்ளைகள் உண்டு.

சொல்ல வேண்டியவர் மருமகள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். படுக்கப்போகும் நேரம் வேண்டாம். காலையில், வயிறு நிறைந்திருக்கும்போது, வீட்டில் கூட்டமில்லாத நாளில் சொல்லலாம். இவ்வளவு போதும்: 'அப்பா இறந்துட்டார். வண்டி கவிழ்ந்து உடம்பில் ரொம்ப அடிபட்டது, டாக்டரால் சரிபண்ண முடியவில்லை. இறந்துட்டா மூச்சு விட முடியாது, பசிக்காது, வலிக்காது. அப்பா இனிமே வரமாட்டார். இது நீ செஞ்ச எதனாலயும் நடக்கலை.' அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தான் அடம்பிடித்ததால்தான் அப்பா வரவில்லை என்று இந்த வயதுப் பிள்ளைகள் தாங்களே முடிவு கட்டிக்கொள்வார்கள், வெளியே சொல்லமாட்டார்கள். பிறகு நீங்களும் சொல்லுங்கள்: 'டூட்டிக்குப் போயிருக்கார்னு ஆயா சொன்னது தப்பு. உனக்கு அழுகை வருமேன்னு சொல்லிட்டேன்.' பெரியவர்கள் தவறைத் திருத்திக்கொண்டால் பிள்ளைக்கு அவர்கள் மேல் நம்பிக்கை கூடும்.

கேட்டுவிட்டு ஐந்தே நிமிடத்தில் அவன் விளையாடப் போகலாம். அது மனமில்லாமை ஆகாது. அந்த வயதில் துக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே இறங்கும். நாளைக்கே திரும்பவும் 'அப்பா எப்ப வருவார்?' என்பான். சொற்களை மாற்றாமல் அதே பதிலைச் சொல்லுங்கள். சாவு திரும்பி வராத ஒன்று என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் உறைக்கிறது. அதுவரை அம்மா கடைக்குப் போனாலும் பதறுவான். 'மதியச் சாப்பாடு முடிஞ்சதும் வந்துடுவேன், அதுவரைக்கும் ஆயா இருப்பாங்க' என்று அவனுக்குப் புரியும் அடையாளத்தோடு சொல்லிவிட்டுப் போகட்டும். தூக்கம், சாப்பாடு, பேச்சு மூன்றும் மாதக்கணக்கில் பின்வாங்கினால் ராணுவ மருத்துவச் சேவையின் சமூகப் பணியாளரைக் கேளுங்கள். இறந்தவரின் குடும்பம் அவர்களிடம் போகலாம், தயங்க வேண்டியதில்லை.

இனி நினைவுகள். எதை முதலில் எடுப்பது என்பதில்தான் பல குடும்பங்கள் தவறுகின்றன. எல்லோரும் யூனிஃபார்மை மடித்து வைப்பதில் தொடங்குகிறார்கள். துணி ஐந்து வருடம் காத்திருக்கும். கைபேசியும் மனிதர்களின் ஞாபகமும் அப்படிக் காத்திருக்காது.

மகனுடைய கைபேசி மேசை இழுப்பில் கிடக்கிறதா? அதில் எதையும் அழிக்காமல், ரீசெட் செய்யாமல் இருங்கள். பூட்டைத் திறக்கும் பின் (PIN) எண் தெரியாமல் ஊகித்து அழுத்திக்கொண்டே போனால் போன் பூட்டிக்கொள்ளும். சில போன்கள் உள்ளிருப்பதை அழித்துவிடவும் அமைக்கப்பட்டிருக்கும். பேட்டரியை முழுதாகத் தீரவிடாமல் பாதி அளவு சார்ஜில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். முதுகு உப்பியிருந்தால் சார்ஜில் போடக் கூடாது, கடைக்காரரிடம் கொண்டுபோங்கள். சிம்மில் சிறு தொகை ரீசார்ஜ் செய்துவாருங்கள், இல்லாவிட்டால் நிறுவனம் அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். வாட்ஸாப் கணக்கு 120 நாள் பயன்பாடில்லாமல் இருந்தால் பொதுவாக நீக்கப்படும். உங்கள் விஷயத்தில் அந்தக் கெடு தாண்டிவிட்டது. ஆனால் போனுக்குள் சேமிக்கப்பட்டவை அந்தச் செயலியை அழிக்காதவரை அங்கேயே இருக்கும். கூகுள் கணக்குக்கு இரண்டு வருடக் கெடு உண்டு, அதற்குள் படங்களை இறக்கிக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக்கில் நினைவுப் பக்கமாக மாற்றக் கேட்டால், அதன் பிறகு பாஸ்வேர்ட் தெரிந்தவர்கூட உள்ளே நுழைய முடியாது. எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்தபிறகு கேளுங்கள்.

அவருடைய போனைவிடப் பெரிய புதையல் உங்கள் போனிலும் மருமகள் போனிலும் இருக்கிறது: அவர் அனுப்பிய குரல் செய்திகள். முகத்தைக் காட்ட நூறு படம் இருக்கும். 'அம்மா, சாப்பிட்டீங்களா?' என்று கேட்ட குரல் அந்தச் சில வினாடிகளில்தான் இருக்கிறது, மறதி அதையும் கொண்டுபோகும். ஆண்ட்ராய்டில் வாட்ஸாப் மீடியாவுக்குள் வாய்ஸ் நோட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதை முழுதாக நகலெடுங்கள். கோப்புகள் ஓபஸ் என்ற வடிவில் இருக்கும். மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எந்தக் கருவியிலும் ஒலிக்கும்படி எம்பி3 வடிவில் இன்னொரு நகல் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதியும் யாருக்கு அனுப்பியது என்பதும் பெயராக இருக்கட்டும். கணவன் மனைவிக்குள் பேசியதை மருமகளே நகலெடுக்கட்டும். எதைப் பிள்ளைகளுக்கு வைப்பது, எதைத் தனக்கு வைத்துக்கொள்வது என்பது அவர் முடிவு. அதை நீங்கள் கேட்காமலிருப்பதே நல்லது.

நகல் மூன்று வேண்டும். கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது வரும் அதிர்ச்சி, செருகிக் கிடக்கும் டிஸ்க்கைக் கெடுத்துவிடும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். வெளியே வைக்கும் நகலுக்கு பீனிக்ஸ், டொங்காட் என்று வேறு இடத்தில் இருக்கும் உறவுக்காரர் வீடோ, இணையச் சேமிப்போ போதும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிர் தப்பிய எத்தனையோ வீடுகளில் ஆல்பங்கள் சேறாகிப் போயின. ஒரே அலமாரியில் மூன்று நகலையும் வைத்தால் ஒரு நகல் வைத்ததற்குச் சமம்.

அடுத்தது ஞாபகங்கள். நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் இதற்கு ஒரு நல்ல மரபே உண்டு. எய்ட்ஸால் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக, பல்கலைக்கழகத்தின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்தில் தோன்றிய சினொம்லாண்டோ மையம் நினைவுப் பெட்டி என்ற முறையை வளர்த்தெடுத்தது. பெட்டிக்குள் பொருளை நிரப்புவதை அவர்கள் பெரிதாக எண்ணவில்லை. குடும்பத்தார் உட்கார்ந்து இறந்தவரின் கதையைப் பேசிப் பதிவுசெய்வதுதான் நடுவேலை, பெட்டி அதைத் தாங்கும் பாத்திரம். உங்களுக்கும் அந்த வரிசையையே சொல்வேன்.

முதலில் அவருடன் பணிபுரிந்தவர்களைப் பிடியுங்கள். மாற்றல் வந்தால் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள். சுலுவிலோ சோத்தோவிலோ ஆப்பிரிகான்ஸிலோ, அவரவர் மொழியிலேயே பேசவிடுங்கள், மொழிபெயர்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கைபேசியை ஃப்ளைட் மோடுக்கு மாற்றி, ஃபேனை நிறுத்தி, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் ஒவ்வொரு தட்டலும் பதிவாகும். தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி, அதற்குமேல் ஆள் களைத்துவிடுவார்.

'அவர் எப்படிப்பட்டவர்?' என்று மட்டும் கேட்காதீர்கள். நூறு பேரிடம் கேட்டாலும் 'தங்கமான மனுஷன்' என்றுதான் வரும், பிள்ளைக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. சின்னதாகக் கேளுங்கள். கடைசியாகச் சேர்ந்து என்ன சாப்பிட்டீர்கள்? பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பியது) வாங்கினால் மேலே இருக்கும் ரொட்டித் துண்டை முதலில் தின்பாரா, கடைசிக்கு வைப்பாரா? கோபம் வந்தால் கத்துவாரா, பேசாமல் இருப்பாரா? காவல் நிற்கும் இரவில் எதைப் பற்றிப் பேசுவார்? மகன் பிறந்த செய்தி வந்தபோது எங்கே இருந்தார், என்ன செய்தார்? அவரிடம் பிடிக்காத குணம் எது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குறையே இல்லாத அப்பாவோடு வளரும் பையன் பதினைந்து வயதில் தன்னை அவரோடு ஒப்பிட்டுப் பார்த்துத் துவண்டுபோகிறான். கணக்கில் தோற்றதும், பொருளைத் தொலைத்ததும், பாட்டு வராமல் பாடியதும் பெட்டியில் இருக்கட்டும்.

ஆனால் இந்த எல்லாருடைய ஞாபகத்தையும்விட விலைமதிப்பானது பேரனிடம் இருக்கிறது. மூன்று மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலும் யாருக்கும் நிலைப்பதில்லை. இன்று அவன் சொல்லும் 'அப்பா என்னைத் தோள்ல தூக்கி மாம்பழம் பறிச்சார்' என்பது பத்து வயதில் அவனிடம் இல்லாமல் போகலாம். அவன் வாயிலிருந்து வருவதை அப்படியே எழுதித் தேதி போடுங்கள், முடிந்தால் பதிவுசெய்யுங்கள். அது மாம்பழம் இல்லை, கொய்யா என்று திருத்தாதீர்கள். 'அப்பாவைச் சொல்லு' என்று உட்கார்த்திவைத்தால் வாய் திறக்கமாட்டான். குளிக்கும்போது, படம் வரையும்போது, காரில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது தானாக வரும். பேத்திக்குச் சொந்த ஞாபகம் என்று ஒன்றும் இருக்காது. அவளுக்காக ஒரு தனிக் காகிதம்: அந்த ஒரு மாதத்தில் அப்பா அவளை எத்தனை முறை தூக்கினார், எப்படித் தூக்கினார், என்ன பெயர் சொல்லிக் கொஞ்சினார், யார் பார்த்தார்கள். அண்ணனுக்கு அப்பா தெரியும், எனக்குத் தெரியாது என்ற ஏக்கம் இப்படிப்பட்ட வீடுகளில் இளைய பிள்ளைக்கு நிச்சயம் வரும்.

இப்போது துணிக்கு வருகிறேன். ட்ரொம்மலைத் திறக்கும் நாளில் பிள்ளைகள் அறையில் வேண்டாம். உள்ளே ஒற்றைத் தோட்டா கண்ணில் பட்டாலும் தொடாமல் காவல் நிலையத்தைக் கூப்பிடுங்கள். உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது குற்றம், நினைவுப்பொருள் என்று சொல்லித் தப்ப முடியாது. அரசுக்குத் திருப்பித் தரவேண்டிய பொருள் எது, வைத்துக்கொள்ளக்கூடியது எது என்று படைப்பிரிவிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

டர்பன் காற்றின் ஈரம்தான் நமக்குப் பகை. துணியில் ஊறிய வியர்வையும் எண்ணெயும் முதலில் மஞ்சளாகும், பிறகு பூஞ்சையையும், ஃபிஷ் மாத் என்கிறோமே அந்த வெள்ளிப் பூச்சியையும் அழைக்கும். அதனால் நெடுங்காலம் வைக்க வேண்டிய யூனிஃபார்மைத் துவைத்து, கஞ்சி போடாமல், நிழலில் முழுதாகக் காயவைத்து மடியுங்கள். ஆனால் ஒரு சட்டையைத் துவைக்காமல் விடுங்கள். அவர் வாசனைக்காக. மருமகள் பெட்டியைப் பூட்டி வைத்திருப்பதற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். அந்தச் சட்டை நன்றாக உலர்ந்திருக்கும் நாளில் ஜிப் வைத்த கனமான பாலிதீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் வாசனை கொஞ்சம் குறையும், இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. உள்ளே ஆவி படிந்தாலோ கரும்புள்ளி தெரிந்தாலோ பிடிவாதம் பிடிக்காமல் எடுத்துத் துவைத்துவிட வேண்டும்.

மடிப்புக்குள் வைக்க அமிலமற்ற தாள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பலமுறை துவைத்து மெலிந்த பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துச் சுருட்டி மடிப்புகளில் கொடுங்கள். வருடம் ஒருமுறை பிரித்து மடிப்பை வேறிடத்தில் மாற்றவில்லை என்றால் அந்தக் கோட்டிலேயே துணி அறுந்துபோகும். அந்துருண்டை வேண்டாம், அது சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கும், வாசனையையும் தின்றுவிடும். பூச்சி தென்பட்டால் துணியைப் பையில் மூடி ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் ஒரு நாள் முழுதும் பையைத் திறக்காமல் விட வேண்டும், அவசரப்பட்டுத் திறந்தால் ஈரம் துணிமேல் படியும்.

பெரே தொப்பியின் சின்னத்தைக் கழற்றித் தனியே வையுங்கள். பித்தளையும் தோலும் ஒட்டியிருந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். பதக்கத்தை மினுக்குத் திரவம் போட்டுத் தேய்க்க வேண்டாம், ஒவ்வொரு தேய்ப்பும் எழுத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். அதன் நாடா வெயில் பட்டால் வெளுக்கும். பூட்ஸுக்குத் தனிப் பெட்டி வேண்டும், சில அடிப்பகுதிகள் சில ஆண்டுகளில் பொடியாகி மற்றதன்மேல் ஒட்டும். ட்ரொம்மல் துருவில்லாமல் இருந்தால் அதையே பயன்படுத்தலாம், புது மரப்பெட்டியைவிட நல்லது. மரம் விடும் அமில ஆவி உலோகத்தைக் கறுக்கச் செய்யும். நாலு அங்குல மரக்கட்டைமேல், வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். உள்ளே கால் கிலோ சிலிக்கா ஜெல், நிறம் மாறும் வகை. நிறம் மாறியதும் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தினால் திரும்ப உதவும்.

இது பாதுகாக்கும் பெட்டி. பிள்ளைகளுக்கு வேறொரு பெட்டி வேண்டும், தொட்டு, முகர்ந்து, கீழே போட்டு விளையாட. ஷூ பெட்டி போதும். அவருடைய பழைய டி-ஷர்ட்டில் தைத்த சிறு தலையணை, பெயர்ப்பட்டை, சாவிக்கொத்து, படங்களின் நகல்கள். இவை தேயும், கிழியும், அதற்காகத்தான் வைக்கிறோம். ஊசி வைத்த சின்னங்களும் பொத்தான்களும் அதில் கூடாது, பேத்தி இப்போது எதையும் வாயில் வைக்கும் வயதில் இருக்கிறாள்.

படத்தைப் பற்றி உங்களுக்கும் மருமகளுக்கும் உள்ள மனக்கசப்பு. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. யூனிஃபார்ம் படம் உங்களுக்குப் பெருமை. அவருக்கு அது, கதவைத் தட்டிச் செய்தி சொன்னவர்கள் போட்டிருந்த அதே உடுப்பு. பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்று என்னைக் கேட்டால், சமையலறையில் மகனைத் தூக்கிக்கொண்டு, தலை கலைந்து, சிரிக்கிற படம். அதைப் பேரனின் கண் உயரத்தில் மாட்டுங்கள். யூனிஃபார்ம் படம் உங்கள் அறையில் இருக்கட்டும். எந்த மூலப்படத்தையும் சுவரில் மாட்டாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். விளக்குப் புகையும் எண்ணெயும் படும் பூஜை இடத்தில் நகல் மட்டும். ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது, நடுவில் அட்டை வெட்டி இடைவெளி கொடுக்கச் சொல்லுங்கள். சந்தனம் குங்குமம் கண்ணாடியின்மேல்.

திவசத்தன்று வாசிக்க எழுதும் குறிப்பு 400 சொல் போதும், நாலைந்து நிமிடத்தில் முடியும். பதவியில் தொடங்காதீர்கள். அவர் வீட்டுக்குள் நுழையும் விதத்தில் தொடங்குங்கள், கேட்டைத் திறந்ததும் முதலில் யாரைக் கூப்பிடுவார் என்று. படையில் சேர்ந்த வருடம், பிரிவு, பதவி, பணியெண் இவற்றை நடுவில் நாலே வரியில், காகிதத்தைப் பார்த்து எழுதுங்கள். பிரிட்டோரியாவில் பாதுகாப்புத் துறையின் ஆவணக் காப்பகம் பணிக்குறிப்புகளை வைத்திருக்கிறது, சான்றிதழ்களோடு எழுதிக் கேட்கலாம். பெயரின் எழுத்துக்கூட்டைச் சரிபாருங்கள். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்த 1,52,184 பேரின் பெயரைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். இன்றும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வேறு வேறு எழுத்து இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் குடியேற்ற எண் தெரிந்தால் மகனின் பணியெண்ணுக்குப் பக்கத்தில் அதையும் எழுதிவிடுங்கள். கப்பல் பட்டியல் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள ஆவண மையத்தில் பார்க்கக் கிடைக்கும்.

இறந்த விதத்தை ஒரே வரியில் சொல்லி நிறுத்துங்கள். விசாரணை அறிக்கை, செய்தித்தாள் நறுக்கு, விபத்துப் படம் இவையெல்லாம் தனி உறையில் மருமகளிடம் இருக்கட்டும், பெட்டிக்குள் போகக் கூடாது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பையன் எப்படி என்று கேட்பான், பதினேழில் யார் தவறு என்று கேட்பான். இணையத்தில் தேடிப் பிடிப்பதற்கு முன் அம்மா வாயால் தெரியவேண்டும். அதற்காகவே நாலு வயதில் சொல்வது சின்னதாக இருந்தாலும் உண்மையாக இருக்கட்டும்.

திவசத்தில் பேரனுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். பூப் போடுவதோ, அம்மா கையைப் பிடித்து விளக்கேற்றுவதோ. மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், வெளியே விளையாட ஒரு சித்தப்பாவை ஏற்பாடு செய்யுங்கள். திதியும் ஆங்கிலத் தேதியும் வேறு வேறு நாளில் வரும். திதியில் ஐயரை வைத்துச் சடங்கு, தேதியன்று வீட்டோடு அவருக்குப் பிடித்த சாப்பாடு என்று பிரித்துக்கொண்டால் இரண்டுமே நெருக்கடியில்லாமல் நடக்கும். மௌனம் நிற்க விரும்பினால் இரண்டு நிமிடம் என்ற வழக்கம் இந்த நாட்டில் பிறந்தது. 1918-இல் போரில் மகனைப் பறிகொடுத்த கேப் டவுன் மேயர் ஹாரி ஹாண்ட்ஸ் நாள்தோறும் நண்பகலில் நகரை நிறுத்திவைத்தார். திரும்பி வந்தவர்களுக்காக ஒரு நிமிடம், வராதவர்களுக்காக ஒரு நிமிடம். நாலு வயதுக்கு இரண்டு நிமிடம் நீளம். பத்து வரை எண்ணச் சொல்லுங்கள், அது போதும்.

பிப்ரவரி 21-ஐயும் மனதில் வையுங்கள். 1917-இல் நம் நாட்டுப் படைப் பணியாளர்களை ஏற்றிச்சென்ற மெண்டி கப்பல் மூழ்கி 600-க்கும் மேற்பட்டோர் மாண்ட நாள், இப்போது படைகளின் நாள். தொலைக்காட்சியில் அணிவகுப்பு வரும், பேரன் அந்த முகங்களில் அப்பாவைத் தேடுவான். 'இவங்க அப்பாவோட வேலை பார்க்கிறவங்க. அப்பா இதுல இல்லை' என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ட்ரொம்மல் சாவியை மருமகளிடம் கேட்க வேண்டாம், அம்மா. கைபேசி நகல்களை முதலில் முடியுங்கள், அதுவே மாதக்கணக்கில் வேலை வாங்கும். அவர் தானாகத் திறக்கும் நாளில் பழைய வேட்டியோடு பக்கத்தில் உட்காருங்கள். அதுவரை சமையலறையில் ஒரு நோட்டும் பென்சிலும் கயிற்றில் கட்டித் தொங்கட்டும். பேரன் ஏதாவது சொன்னால் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு எழுதுங்கள், தேதியோடு.